கிளிஷே: தமிழில் தேய்வழக்கு

'படம் முழுக்க ஒரே கிளிஷே' என்று தியேட்டரை விட்டு வெளியே வருகிறவர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்போம். பிரெஞ்சிலிருந்து வந்த இந்தச் சொல் பிறந்த இடம் அச்சகம். ஒவ்வொரு எழுத்தாகக் கோத்து முடித்த பக்கத்தை அப்படியே படியெடுத்து, உருக்கிய உலோகத்தில் ஒரே தகடாக வார்ப்பார்கள். அந்தத் தகடுதான் கிளிஷே. அப்புறம் எழுத்துக் கோக்கும் வேலையே இல்லை. ஆயிரம் படி வேண்டுமா, அடித்துக்கொள்ளலாம். உருகிய உலோகத்தில் அச்சு விழும் ஓசைதான் பெயராயிற்று என்பார்கள். ஸ்டீரியோடைப் என்பதும் இதே பட்டறைச் சொல்தான்; பிரெஞ்சு அச்சாளர் ஃபிர்மான் திதோ 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வைத்த பெயர். யோசிக்காமல் எடுத்துவைக்கும் தொடருக்கு கிளிஷே என்ற பெயர் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது அடுத்த நூற்றாண்டின் இறுதியில்.

ஆங்கிலத்தில் இதே பொருளில் புழங்கும் பங்காளிச் சொற்களும் உண்டு. ஹாக்னீட் என்பது வாடகைக் குதிரையிலிருந்து வந்தது: ஏறியவர்களெல்லாம் ஓட்டி ஓட்டி ஓய்ந்துபோன குதிரை. லண்டன் டாக்ஸிக்குச் சட்டப் பெயர் இன்றும் ஹாக்னி கேரேஜ்தான். ட்ரைட் என்பதற்கு லத்தீன் மூலத்தில் 'தேய்ந்தது' என்றே பொருள்.

ஆக, தமிழில் விமர்சகர்கள் புழங்கும் 'தேய்வழக்கு' ட்ரைட்டுக்கு நேர் உறவு. நல்ல சொல், கிளிஷேவுக்கு இதைவிடப் பொருத்தமானது வேண்டியதில்லை. சிலர் 'கூறியது கூறல்' என்று எழுதுகிறார்கள். அது சரியில்லை. நன்னூல் பத்துக் குற்றங்களில் ஒன்றாகச் சொல்லும் கூறியது கூறல், ஒரே நூலுக்குள் சொன்னதையே திரும்பச் சொல்வது. தேய்வழக்கோ ஊரே சொல்லித் தீர்த்ததை நாமும் சொல்வது. கதையோ கருத்தோ பழசாக இருந்தால் 'அரைத்த மாவையே அரைக்கிறார்' என்று நம் பேச்சே கைகொடுக்கும்.

மரபுத்தொடர் எல்லாம் தேய்வழக்கு ஆகிவிடாது. 'போலீசுக்குத் தண்ணி காட்டினான்' என்றால் இன்றைக்கும் ஆள் ஓடுவது கண்ணில் தெரிகிறது. 'அன்னாரின் மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்பதில் அன்னார் யார் என்றே தெரிவதில்லை. பெயரை மாற்றிவிட்டு யாருடைய இரங்கல் செய்திக்கும் அதைப் போடலாம். அரசியல் மேடைகளின் 'இரும்புக்கரம் கொண்டு அடக்குவோம்' இன்னும் மோசம். ஆங்கிலத்திலேயே தேய்ந்ததைத் தமிழுக்குக் கொண்டுவந்து மறுபடி தேய்க்கிறோம்.