கடற்காகத்துக்குச் சளி பிடித்திருக்கிறதா?

"சார், ராமேஸ்வரத்தில் ஒரு கடற்காகம் மூக்கொழுகிக்கொண்டே உட்கார்ந்திருந்தது. அதற்கும் சளி பிடிக்குமா?" என்று ஒரு பள்ளி மாணவி கேட்டு எழுதியிருந்தார். சளி இல்லை, உப்பு.

கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். நம் சிறுநீரகம் என்னதான் முக்கினாலும் சிறுநீரில் 2 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் உப்பை அடைக்கும். அதாவது, ஒரு லிட்டர் கடல்நீர் குடித்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் சிறுநீர் கழிக்க வேண்டும். கணக்கு உதைக்கிறது. பறவையின் சிறுநீரகமோ இந்த விஷயத்தில் நம்முடையதைவிட மட்டம்.

கடற்காகத்தின் கண்ணுக்கு மேலே, மண்டையோட்டுப் பள்ளத்தில் ஒரு சுரப்பி உண்டு. மூக்கைக் கழுவத்தான் அது என்று வெகுகாலம் நினைத்தார்கள். 1957இல் வெளியான ஆய்வில், உடலியல் விஞ்ஞானி க்னுட் ஷ்மிட்-நீல்சன், அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரையில் நீர்க்காகம் என்ற வேறொரு வகைப் பறவைகளுக்கு உப்பைக் கொடுத்துவிட்டு, அது எந்த வழியாக வெளியே வருகிறது என்று பார்த்தார். அலகு நுனியில் சொட்டுச் சொட்டாக வந்தது. அப்புறம் ஒரு கடற்காகத்துக்கு, அதன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கடல்நீரைப் புகட்டினார். மூன்று மணி நேரத்துக்குள் உப்பு அநேகமாக முழுவதும் வெளியேறிவிட்டது, பெரும்பகுதி மூக்கு வழியாக. நாம் ஆறேழு லிட்டர் குடிப்பதற்குச் சமம் அது!

சரி, ரத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லாத உப்பு, மூக்கில் 5 சதவீதமாக எப்படி வருகிறது? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். சுரப்பியின் செல்லுக்கு ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் மூக்குக்குப் போகும் குழாய். சோடியத்தைத் தள்ளும் பம்புகள் குழாய்ப் பக்கம் இருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. ரத்தப் பக்கம் இருக்கின்றன. வெளியேற்ற வேண்டிய சோடியத்தை ரத்தத்துக்கே திருப்பித் தள்ளுகின்றன!

சூட்சுமம் இங்கேதான். இப்படித் தள்ளித் தள்ளி செல்லுக்குள் சோடியம் வற்றிப்போகிறது. ரத்தத்திலுள்ள சோடியம் உள்ளே வரத் துடிக்கிறது. ஆனால் அது வரும் வாசல் ஒரு ஷேர் ஆட்டோ மாதிரி: ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு, ஆக நாலு பேர் சேர்ந்தால்தான் நகரும். உள்ளே இறங்கியதும் சோடியத்தைப் பம்பு பிடித்துத் திருப்பி அனுப்பிவிடும். பொட்டாசியமும் ரத்தத்துக்கே கசிந்துவிடும். மிஞ்சுவது குளோரைடு. கூட்டம் தாங்காமல் அது குழாய்ப் பக்க வாசல் வழியாக வெளியேறும். குளோரைடுக்கு எதிர்மின்சுமை அல்லவா? அந்த ஈர்ப்பில் சோடியமும் இரண்டு செல்களுக்கு நடுவே உள்ள சந்து வழியாகக் குழாய்க்குள் வந்து சேரும். பம்பு உப்பை நேராகத் தள்ளவே இல்லை, ஆனால் உப்பு போய்விட்டது.

இந்தப் பம்பைப் பற்றிய முதல் ஆய்வை டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கௌ வெளியிட்டதும் அதே 1957இல்தான். அவர் எடுத்துக்கொண்டது நண்டின் நரம்பை. 1997இல் நோபல் பரிசு கிடைத்தது. கால் வீக்கத்துக்கு டாக்டர் எழுதித் தரும் லாசிக்ஸ் மாத்திரை, நம் சிறுநீரகத்தில் இதே வகை ஷேர் ஆட்டோவைத்தான் நிறுத்துகிறது. நண்டு நரம்புக்கும் நீர்க்காகத்தின் மூக்குக்கும் இன்று நிதி கேட்டுப் போனால், "இதனால் என்ன பயன்?" என்ற கட்டத்தை நிரப்புவதற்குள் ஆராய்ச்சியாளருக்கே மூக்கொழுகிவிடும்.

வாத்துக்கும் இந்தச் சுரப்பி உண்டு. நல்ல தண்ணீரில் வளர்ந்தால் சின்னதாக இருக்கும். உப்புத் தண்ணீர் கொடுத்துவந்தால் சில நாட்களிலேயே பெருத்துவிடும். அதற்காக வீட்டுக் கோழிக்கு உப்புத் தண்ணீர் வைத்துப் பார்க்க வேண்டாம். அதன் மூக்குச் சுரப்பிக்கு இந்த வேலை தெரியாது.