பலன்ஸ்: சமநிலையா, நிறைவா?

"வேலையையும் வீட்டையும் பலன்ஸ் பண்ணேலாமல் கிடக்கு" என்று அலுத்துக்கொள்பவரிடம் அதற்குத் தமிழ் கேட்டால், 'சமநிலை' என்று உடனே சொல்லுவார். அது பாடப்புத்தகம் தந்த சொல். விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்ய, பொருள் அசையாமல் நிற்பதைக் காட்டித்தான் பௌதிக வகுப்பில் அதைப் படிப்பிப்பார்கள். தொழில், பிள்ளைகள், உடம்பு, கோயில், சொந்தபந்தம் என்று நாள் முழுக்க இழுபடுகிற மனிசருக்கு அது எப்படிப் பொருந்தும்?

பலன்ஸின் மூலம் இலத்தீன். 'பி' என்றால் இரண்டு, 'லாங்ஸ்' என்றால் தட்டு. இரு தட்டுத் தராசைக் குறித்த 'பிலாங்ஸ்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. (எங்கள் 'தராசு'ம் பாரசீகத்திலிருந்து வந்ததுதான்.) வாழ்க்கைக்கு இரண்டே தட்டு என்ற எண்ணம் அங்கிருந்தே ஒட்டிக்கொண்டது. மணித்தியாலத்தையாவது எண்ணலாம்: இலங்கையின் 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8, கிழமைக்கு 45 என்று சாதாரண வேலை நேரத்துக்கு எல்லை வைத்தது. வீட்டுக்கு வந்த பிறகும் கைபேசியில் அலுவலகம் நடத்துகிறவரைச் சட்டம் என்ன செய்யும்?

வடமொழியில் தராசுக்குப் பெயர் 'துலா'. துலாம் ராசி அதிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தில் அதே சொல் கிணற்றடிக்குப் போய்விட்டது. கிணற்றருகே நட்ட தூணான ஆடுகாலின் மேல் குறுக்கே கிடக்கும் நீண்ட மரம் துலா. துலா மிதிப்பவர் அதன்மேல் ஏறிக் கிணற்றுப் பக்கம் நடந்தால், தண்ணீர் அள்ளும் பட்டை இறங்கும். பின்பக்கம் நடந்தால் நிறைந்த பட்டை மேலே வரும். பட்டை பிடிப்பவர் அதை வாங்கி வாய்க்காலில் ஊற்றுவார். துலா மட்டமாகவே நின்றால் தோட்டத்துக்குத் தண்ணி இல்லை. தண்ணீர் இறைக்கும் மிசின் வந்தபின் இந்த நடை அருகிவிட்டது.

118ஆம் குறளின் 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' இந்த இடத்தில் அடிக்கடி மேற்கோளாக வரும். அது நடுவுநிலைமை அதிகாரத்துக் குறள். பக்கம் சாயாத நீதியைச் சொல்கிறதே தவிர, குடும்பத்துக்கு நேரம் ஒதுக்குவதை அல்ல. ஆனாலும் 'சமன்செய்து' என்ற வினையை எடுத்துக்கொள்ளலாம். செய்துகொண்டே இருக்கவேண்டிய ஒன்றுக்கு 'நிலை'யை விட 'சமன்செய்தல்' பொருந்தும் என்பது என் கட்சி.

அப்படிச் செய்து கிடைப்பதற்குப் பெயர் 'நிறைவு'. நிறு, நிறை என்ற சொற்கள் எங்களூரில் இன்னும் புழக்கத்தில் உண்டு. மற்ற இடங்களில் 'எடை' என்பதை இங்கே 'நிறை' என்றுதான் கேட்பார்கள்: "பிள்ளையின்ர நிறை எவ்வளவு?" கலியாண வீட்டு வாசலில் மாவிலையும் தேங்காயுமாய் இருப்பது நிறைகுடம். பாரமும் முழுமையும் ஒரே சொல்லில் அடங்குவது இரவல் சொல் எதிலும் இல்லாத வசதி.

கணக்கீட்டில் வரும் பலன்ஸ் வேறு. அங்கே 'மீதி' சரியான சொல், ஆண்டு முடிவில் போடும் பலன்ஸ் ஷீட் 'ஐந்தொகை'. பஸ்ஸில் கொண்டக்டரிடம் கேட்பதற்கு 'மிச்சக் காசு' போதும்.