தர்ணா: வாசலில் வந்து உட்காரும் கோபம்

‘கணவர் வீட்டு முன் பெண் தர்ணா’ என்ற தலைப்பு அடிக்கடி கண்ணில் படும். உள்ளே போய்ப் படித்தால் கொடி, ஒலிபெருக்கி எதுவும் இருக்காது. பூட்டிய கதவும், அதன் முன்னே உட்கார்ந்திருக்கும் ஒருத்தியும்தான். சங்கங்கள் பந்தல் போட்டு நடத்தும் தர்ணாவைவிட இந்தத் தனியாள் தர்ணாதான் சொல்லின் பழைய பொருளுக்கு நெருக்கமானது.

தர்ணா இந்தி வழியாக வந்த சொல். வைத்தல், பிடித்திருத்தல் என்று பொருள். வேர் சமஸ்கிருதத்தின் ‘த்ரு’; தரணியும் தர்மமும் இதே வேரில் கிளைத்தவைதான். இந்தியில் இதற்கு நம் றன்னகர (ன) ஒலிதான்; நாம் அதை டண்ணகரமாக்கிக்கொண்டோம் (ண).

வட இந்தியாவில் இது முதலில் கடன் வசூலிக்கும் வழி. கொடுத்தவன் வாங்கியவனுடைய வாசலில் வந்து உட்காருவான்; சாப்பிட மாட்டான். தன் சார்பில் ஒரு பிராமணரை உட்கார வைப்பதும் உண்டு. அவர் நஞ்சோ கத்தியோ வைத்திருப்பார். அவர் பட்டினி கிடக்கும்வரை வீட்டுக்காரனும் சாப்பிடக் கூடாது. வாசலில் உயிர் போனால் பாவம் வீட்டுக்காரனுக்கு. அடிதடி இல்லை, ஆனால் மிரட்டல் இல்லை என்று யார் சொல்ல முடியும்? 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் அதை மிரட்டலாகத்தான் பார்த்தது. தெய்வக் குற்றம் வந்து சேரும் என்று நம்பவைத்து ஒருவரைப் பணியவைப்பது, 2024-இல் அந்தச் சட்டம் மாற்றப்படும்வரை, அதன் 508-ஆம் பிரிவில் குற்றமாக இருந்தது. ஓராண்டு வரை சிறை. அதற்குத் தந்த எடுத்துக்காட்டே, வாசலில் தர்ணா உட்காருவதுதான்.

நம் பக்கத்திலும் இதற்கு உறவான ஒரு முறை இருந்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ சொல்வது இது: கடன் கொடுத்தவன் கடனாளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டால், தீர்வு சொல்லாமல் அவன் கோட்டைத் தாண்டக் கூடாது. ஒரு வெளிநாட்டு வணிகன் குதிரைமேல் இருந்த அரசனையே சுற்றிக் கோடு போட்டானாம். கடன் தீரும்வரை அரசன் நகரவில்லையாம்.

வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விடும் வடக்கிருத்தலைத் தர்ணாவின் முன்னோடி என்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. சங்க காலத்தில் அப்படி உயிர்விட்ட கோப்பெருஞ்சோழன் யாரிடமும் எதையும் கேட்டு உட்காரவில்லை. காதலன் பனைமடல் குதிரையில் ஏறித் தெருவில் வந்து நின்று, வெட்கப்படவைத்துக் காரியம் சாதிக்கும் மடலேறுதல்தான் இதற்குப் பக்கத்தில் வரும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மறியல் பொருந்தாது. அது வழியைத் தடுப்பது. 1921-இல் ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் கள்ளுக்கடை முன் செய்தது மறியல். (இலங்கையில் ‘மறியலில் இருக்கிறார்’ என்றால் ஆள் சிறையில் என்று பொருள், அங்கே இந்தச் சொல்லைப் பார்த்துப் பயன்படுத்துங்கள்.) முற்றுகை என்பது, ஒருவரை வெளியேற விடாமல் சூழ்ந்துகொள்ளும் ‘கெரோ’வுக்குச் சரி. உள்ளிருப்பு, வேலை செய்யும் இடத்துக்குள்ளேயே இருந்துவிடுவது. அமர்வு என்றாலோ நீதிமன்றமும் கருத்தரங்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. அரசு ஊழியர்கள் அதிகம் பயன்படுத்தும் ‘காத்திருப்புப் போராட்டம்’ பரவாயில்லை. ஆனால் அதில் கோபம் குறைவு, பேருந்துக்குக் காத்திருப்பதுபோல் இருக்கிறது.

நான் ‘இருப்பு’ என்ற சொல்லின் பக்கம் சாய்கிறேன். பழந்தமிழில் இருத்தல் என்றாலே உட்காருதல். யாழ்ப்பாணத்தில் இன்றும் ‘இருங்கோ’ என்றுதான் நாற்காலியைக் காட்டுகிறார்கள். அதோடு வாசலையும் சேர்த்தால் பழைய பொருள் முழுதாக வந்துவிடும். முதலில் ‘வாயிலிருப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். படித்த நண்பர் ‘வாயில் என்ன இருக்கிறது, வெற்றிலையா?’ என்று கேட்டார். அதனால் வாசலிருப்பு.