"விரல் மடங்குதே டாக்டர்!"

இந்த மாதத்தில் மடக்குக் கத்தி அறுத்து என்னிடம் வந்த மூன்றாவது கை இது. முதல் இரண்டையும் பேசாமல் தைத்து அனுப்பினேன். இதற்கு மேல் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கேபிள் வேலை பார்க்கும் தம்பி, வயது 24. ஒரு கை ஏணியைப் பிடித்திருக்கும், இன்னொரு கையால்தான் கத்தியைத் திறந்தாக வேண்டும். அந்தக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. அதற்காக, நகத்தால் நெம்பித் திறக்கிற சாதாரண மடக்குக் கத்தியின் ஸ்பிரிங்கை அரத்தால் ராவி, கட்டைவிரலுக்குத் தோதாக அலகில் ஒரு நட்டையும் ஒட்டியிருக்கிறார். தள்ளினால் சட்டென்று திறக்கிறதாம். நண்பர்களுக்கும் இரண்டு செய்து கொடுத்தாராம். (இரண்டையும் திரும்ப வாங்கச் சொல்லியிருக்கிறேன்.)

தம்பி, அந்தக் கத்தியில் லாக் கிடையாது. திறந்த அலகு மடங்காமல் நிற்பதே அந்த ஸ்பிரிங்கின் இறுக்கத்தால்தான். அதை ராவிவிட்டு நுனியால் கேபிள் உறையைக் குத்தினால் அலகு எங்கே போய் விழும்?

விழுந்தது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியில். எங்கள் கை அறுவை சிகிச்சைத் துறையில் அந்த இடத்துக்கு 'நோ மேன்ஸ் லேண்ட்' (ஆளில்லா நிலம்) என்று பெயர். அங்கே அறுந்த தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நார்) தைக்காதே, தோலை மட்டும் மூடு என்று சொல்லிக்கொடுத்த காலமும் உண்டு. இன்று தைக்கிறோம். ஆனாலும் தசைநாண் சுற்றியிருப்பதோடு ஒட்டிப்போய் விரல் விறைக்கும் பயம் அங்கேதான் அதிகம்.

அவர் என்னிடம் வந்தது ஒன்பதாம் நாள். "கிளினிக்ல நாலு தையல் போட்டாங்க. விரல் மடங்குதே டாக்டர், அப்புறம் எப்படி நரம்பு அறுந்திருக்கும்?"

இந்தக் கேள்வியை இன்னும் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்கப்போகிறேனோ! நம் ஊரில் எல்லாமே நரம்புதான். ஊசி ஏற்றுவதும் நரம்பில், சுளுக்குவதும் நரம்பில், தளர்ச்சியும் நரம்பில். தசைநாண் வேறு, நரம்பு வேறு. தசைநாண் விரலை இழுக்கும் கயிறு. நரம்பு உணர்ச்சியைக் கொண்டுபோகும் ஒயர். கட்டைவிரல் தவிர மற்ற விரல்களை மடக்க ஆளுக்கு இரண்டு கயிறுகள்: ஒன்று நடுமூட்டோடு நின்றுவிடும், மற்றது நுனிவரை போகும். ஒன்று அறுந்தாலும் மற்றதை வைத்து விரல் மடங்கும். பாதி அறுந்த கயிறும் சில நாள் இழுக்கும், பிறகு ஒருநாள் வாளியைத் தூக்கும்போது தெறிக்கும். ஆகவே, விரல் மடங்குகிறது என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நடுமூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் மடக்கச் சொன்னேன். அசையவில்லை: நுனிவரை போகும் கயிறு அறுந்திருக்கிறது. ஒரு ஓரம் மரத்தும் இருந்தது: நரம்பும் அறுந்திருக்கிறது. தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டாராம். நரம்பைத் தைத்தாலும் அது நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். இந்த ஒன்பது நாளுக்குள் தசைநாணின் அறுந்த முனை உள்ளங்கைக்குள் சுருங்கிவிட்டது. முதல் நாளே வந்திருந்தால் எனக்கும் அவருக்கும் வேலை பாதிதான். இனி சுமார் 6 வாரம் கட்டு, 3 மாதம் கனம் தூக்கக் கூடாது. தினக்கூலி வீட்டில் இது என்ன கணக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

வெட்டுப்பட்டால் காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் அப்பாதீர்கள். சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். ரப்பர் பேண்டால் இறுக்க வேண்டாம். மோதிரத்தை உடனே கழற்றுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்பார்கள், யோசித்து வையுங்கள். துண்டான விரலை நேராக ஐஸில் போடாதீர்கள்: ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்துக் கொண்டுவாருங்கள்.

ஒயர் உரிக்க ஸ்ட்ரிப்பர் இருக்கிறது. கத்தியே வேண்டுமென்றால் மடங்காத கத்தியை உறையோடு இடுப்பில் வையுங்கள். மடக்குக் கத்திதான் என்றால், ஒரு கையால் திறக்கவென்றே லாக்கோடு செய்ததை வாங்குங்கள். அதையும் குத்த, நெம்பப் பயன்படுத்தாதீர்கள், ப்ளீஸ்.

ராவிய கத்தி இப்போது உங்கள் பையில் இருந்தால் சரிசெய்ய உட்காராதீர்கள். மடக்கி, தடித்த துணியில் சுற்றி, டேப் ஒட்டிப் பழைய இரும்புக் கடையில் கொடுங்கள், கடைக்காரரிடமும் சொல்லிவிட்டு. அப்படியே குப்பையில் எறிந்தால், அடுத்து என் மேசைக்கு வருவது ஒரு தூய்மைப் பணியாளரின் கையாக இருக்கும்.