ஒரு பூச்சிக் கால் போதும்

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடக்கிறவர்களிடம் இங்கே என்னென்ன பூச்சி இருக்கிறது என்று கேட்டால் கொசு, எறும்பு, பட்டாம்பூச்சி, மிஞ்சிப்போனால் தட்டான் என்பார்கள். அதே இடத்தில் மலேஸ் பொறி ஒன்றை ஒரு வாரம் கட்டி வைத்தால் கதை வேறு. பார்க்கத் துணிக்கூடாரம் மாதிரி இருக்கும். பறந்து வந்து முட்டும் பூச்சி மேல்நோக்கி ஏறி, உச்சியிலுள்ள எத்தனால் பாட்டிலில் விழும். இப்படிச் சிக்குபவற்றில் வழக்கமாகப் பாதிக்கு மேல் யாரும் திரும்பிப் பார்க்காத குட்டி ஈக்களும் குளவிகளும்தான்.

இவற்றை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் வைத்து இனம் பிரிக்க ஆயுசு போதாது. அதற்காகத்தான் 2003-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் குழுவினர், ஒரு சிறு டிஎன்ஏ துண்டைப் படித்தே இனத்தை அடையாளம் காணும் டிஎன்ஏ பார்கோடு என்ற யோசனையை முன்வைத்தார்கள்.

ஒரு காலைப் பிய்த்தால் போதும், மீதி உடம்பு பத்திரமாக இருக்கும். அந்தக் காலின் செல்களில், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சிஓஐ என்றொரு மரபணு உண்டு. செல் ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும் புரதத்துக்கான செய்முறை அது, அதனால் புரதம் கண்டபடி மாறினால் பூச்சி பிழைக்காது. ஆனால் புரதத்தின் கட்டுமானத் துண்டான ஒரே அமினோ அமிலத்தை டிஎன்ஏவில் பல விதமாக எழுதலாம் என்பதால், புரதம் அப்படியே இருக்க டிஎன்ஏ எழுத்துகள் மட்டும் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே போகும். அதில் 658 எழுத்துள்ள துண்டை, டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையில் பெருக்கிப் படிக்கிறார்கள். 2 சதவீதத்துக்கு மேல், அதாவது பதின்மூன்று எழுத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறு இனமோ என்று சந்தேகிக்கலாம். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை: வோல்பாக்கியா என்ற பாக்டீரியா பரவிய பூச்சிகளில் இந்தக் கணக்கு சில சமயம் குழம்பிவிடும்.

எருக்கஞ்செடியை மேயும் வரிப்புழுவும் அது வளர்ந்து ஆகும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியும் பார்க்க ஒட்டும் இல்லை உறவும் இல்லை, பார்கோடு மட்டும் ஒன்றே.

அப்புறம் ஒரு சிக்கல். மளிகைக் கடையில் கம்ப்யூட்டரில் ஏற்றாத பொருளை ஸ்கேன் செய்தால் பெயர் வராது இல்லையா? இங்கேயும் அதேதான். போல்டு என்ற தரவுத்தளத்தில் ஏற்கெனவே பெயரோடு பதிவான பூச்சிக்குத்தான் பெயர் கிடைக்கும், மற்றதற்கு வெறும் எண். பனகல் பூங்காவில் எத்தனை வகை, கிண்டி தேசியப் பூங்காவில் எத்தனை என்று ஒப்பிட அந்த எண்ணே போதும் என்பேன். பெயர் வைக்க வேண்டுமென்றால் மட்டும், யாராவது உட்கார்ந்து அந்தக் கால் போன ஈயைப் பார்த்தாக வேண்டும்.