தங்கச்சிக்கும் ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை பார்க்கும் 26 வயதுப் பையனை அவன் அம்மா கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு வருஷமாக இடுப்பு வலி. விடிகாலையில் வலியே எழுப்பிவிடும், எழுந்து நடமாடினால் தேவலை. கையில் 'எச்.எல்.ஏ. பி27 பாசிட்டிவ்' என்று ரிப்போர்ட்; முதுகுத்தண்டு வாதத்தோடு தொடர்புள்ள ஒரு மரபணு அவனிடம் இருக்கிறது என்று அர்த்தம். நான் படித்து முடிப்பதற்குள் அந்த அம்மா கேட்டார்: "பொண்ணு பாத்துட்டு இருக்கறோமுங்க. பொறக்கற கொழந்தைக்கும் வந்துருமுங்களா?"

மருந்தைப் பற்றிய கேள்வி இதற்கப்புறம்தான் வரும். பல குடும்பங்களில் இதைப் பார்த்திருக்கிறேன்.

மரபணு குழந்தைக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆனால் மரபணு போவது வேறு, நோய் வருவது வேறு. பி27 உள்ள 100 பேரில் சுமார் 5 பேருக்குத்தான் முதுகுத்தண்டை இறுக்கும் இந்த வாதம் வருகிறது. பெற்றோருக்கு நோய் இருந்தால் வாய்ப்பு கூடும். அப்போதும் வராதவர்களே அதிகம். இவனுக்கு நோய் என்று நான் முடிவு செய்ததும் அந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்து அல்ல, வலியின் தன்மையையும் இடுப்பு எம்.ஆர்.ஐ.யையும் சேர்த்துப் பார்த்துத்தான். பெண் வீட்டில் நோயை மறைக்க வேண்டாம், மருந்தும் உடற்பயிற்சியும் இருந்தால் வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தலாம் என்றும் சேர்த்தே சொல்லுங்கள் என்றேன்.

ஜீன் டெஸ்ட்டே வேண்டாம் என்பதல்ல என் கருத்து. உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோய்க்கு, அந்தச் சக்தியை அடக்கும் அசதியோபிரின் மாத்திரையை நான் எழுதிக்கொடுத்திருந்த ஒரு பெண், மூன்றாவது வாரமே முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, வெள்ளை அணுக்கள் சரிந்து, காய்ச்சலோடு வந்தார். என்.யூ.டி.டி.15 என்ற மரபணுவில் மாறுபாடு இருப்பவர்களுக்கு இந்த மருந்து உடம்பில் நஞ்சாகத் தேங்கும். ஐரோப்பியர்களைவிட நம்மவர்களிடம் இந்த மாறுபாடு அதிகம். முன்னாடியே பார்த்திருக்கலாமே என்று இன்றும் உறுத்துகிறது. இப்போது மாத்திரை தொடங்கும் முன் பார்த்துவிடுகிறேன். ரிப்போர்ட் நல்லபடி வந்தாலும் ரத்த அணுக்களை அடிக்கடி எண்ணிப் பார்ப்பதை விடுவதில்லை.

ஆகவே டெஸ்ட் எழுதும் டாக்டரிடம், "ரிசல்ட் எப்படி வந்தா என் வைத்தியத்துல என்ன மாறுமுங்க?" என்று தயங்காமல் கேளுங்கள். மாறும் என்றால் எடுங்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா, "தங்கச்சிக்கும் எடுத்துப் பாத்தறலாமுங்களா?" என்றார். அவளுக்கு வலி ஏதும் இல்லை. வேண்டாம் என்றேன். மூன்று மாசத்துக்கு மேல் முதுகு வலி, காலையில் அரைமணி நேரம் இறுக்கம், அல்லது கண் சிவந்து வலி என்று வந்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.