பிதுக்கிப் பார்ப்பதை முதலில் விடுங்கள்

"மூண்டு மாசமா ஒவ்வொரு நாளும் குளிக்கேக்க முலைக்காம்பை அமத்திப் பாக்கிறன் டொக்டர், இன்னும் கசிவு வருது." வராமல் என்ன செய்யும்? முலைக்காம்பைத் தொட்டுத் தொட்டு அமத்தினால் பால் சுரக்க வைக்கும் ஓமோனான புரோலக்டின் ஏறும். அது ஏறினால் கசிவு எப்படி நிற்கும்? பிள்ளை பெற்ற பெண் மார்பை அழுத்தினால், இரண்டு பக்கமும், பல துளைகளில் இருந்தும் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பச்சையாகவோ சில சொட்டு வருவது பெரும்பாலும் நோயே இல்லை. பால்குடி மறந்து ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் பால் கசியலாம். "கெட்டது வெளியே போகட்டும்" என்று பிதுக்கி வடிப்பவர்களுக்கு ஒன்று: இறைக்கிற கிணறுதான் ஊறும்.

அமத்தினால் என்ன வருகிறது என்பதல்ல, தானாக என்ன வருகிறது என்பதுதான் எங்களுக்கு வேண்டும். பழைய வெள்ளைப் பருத்தித் துணியை மடித்து இரவில் உள்ளாடைக்குள் வைத்து, காலையில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு, இளஞ்சிவப்பு, துருப்போன்ற மண்ணிறம் என்றால் இரத்தமாக இருக்கலாம். காம்பில் கறுப்பாகத் தெரிந்தது துணியில் கரும்பச்சையாகப் படிந்தால், அது பெரும்பாலும் மாதவிடாய் நிற்கும் வயதையொட்டிப் பால்குழாய் விரிவதால் வருவது. சிவப்புக்குப் பயப்படுகிறவர்கள் வெறும் தண்ணி போன்ற தெளிந்த கசிவை அசட்டை செய்கிறார்கள்; அதையும் காட்டத்தான் வேண்டும். தானாக, ஒரு பக்கத்தில், ஒரே துளையால் வந்தால் நிறம் எதுவானாலும் வாருங்கள். அந்தத் துணியைக் கழுவாமல் கொண்டுவாருங்கள், வெட்கம் வேண்டாம்.

"நோவில்லைத்தானே" என்பது இன்னொரு சாட்டு. மார்பகப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் நோவதில்லை. அதற்காகக் குலை நடுங்கவும் தேவையில்லை: இரத்தக் கசிவுக்குப் பெரும்பாலான காரணம் குழாய்க்குள் வளரும் பாப்பிலோமா என்ற சிறு வளர்ச்சி, புற்றுநோயல்ல. ஆனால் அது ஸ்கானிலும் மமோகிராமிலும் தப்பிவிடலாம். ரிப்போட்டில் ஒன்றுமில்லை, கசிவு மட்டும் நிற்கவில்லை என்றால் திரும்பவும் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குப் போங்கள்.

கர்ப்பமும் இல்லை, பாலூட்டவும் இல்லை, இரண்டு பக்கமும் பால் வருகிறதா? குளிசை அட்டைகளை எடுங்கள். வாந்திக்கும் வயிற்றுப் பொருமலுக்கும் பாமசியில் வாங்கிப் போடும் டொம்பெரிடோன், மனநலக் கிளினிக்கில் தரும் ரிஸ்பெரிடோன் இரண்டும் இதைச் செய்யும். பின்னதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தந்தவரிடம் சொல்லுங்கள். தைரொயிட் குறைபாடும், எங்கள் வன்னிப் பக்கம் புதிதல்லாத நாட்பட்ட சிறுநீரக நோயும் காரணமாகலாம். மாதவிடாய் நின்று, தலையிடியும் பக்கப்பார்வை மங்கலும் சேர்ந்தால் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியைப் பார்க்க வேண்டும்.

ஆணுக்குக் கசிந்தால், 50 வயது தாண்டியவருக்குப் புதிதாகக் கசிந்தால், கட்டியோ உள்வாங்கிய காம்போ கிரீமுக்கு ஆறாத காம்புச் சொறியோ இருந்தால், வயலில் அருவி வெட்டு முடியட்டும் என்று இருக்காதீர்கள். பெண்களுக்கு உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் வெல் வுமன் கிளினிக்கில் மார்பகப் பரிசோதனை இலவசம். கிளினிக் எந்த நாள் என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் இருந்து பஸ் மாறி வருகிறவர்கள் கிளினிக் கொப்பி, குளிசை அட்டைகள், கடைசி மாதவிடாய்த் திகதி எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் கொண்டுவாருங்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு எழுதித் தந்தால் அன்றே அழத் தொடங்காதீர்கள். சோதித்துப் பார்க்கவும் அங்கே அனுப்புவோம்.

அம்மம்மாமாருக்கும் அப்பம்மாமாருக்கும் ஒரு கெஞ்சல். பிறந்த குழந்தைக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், மார்பு சற்று வீங்கிப் பால் கசிவது தாயின் ஓமோனால். சில வாரங்களில் தானே வற்றும். எண்ணெய் பூசிப் பீச்சிவிடாதீர்கள்: கிருமி புகுந்து சீழ்க்கட்டியாகும். சிவந்து சூடாக இருந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.